வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையைச் சென்னை வட்டாரத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாற்றை ஒட்டிய முடிச்சூரில் என் அண்ணனின் கார் தெருவோரம் நின்றிருந்தது. அண்ணன் அதைக் கியரில் போட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டுத்தான் மாடிக்குப் போயிருந்தார். வெள்ளம் முழங்காலளவுக்கு வடிந்தபின் இறங்கிப் பார்த்தால், காரின் முன்பக்கம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே இருக்கிறது. பின்பக்கமோ கால் வட்டம் சுற்றி ஒரு மதில்சுவரில் சாய்ந்து கிடக்கிறது!

900 கிலோகிராம் எடையுள்ள வண்டியைத் திருப்பியது யார்?

மூழ்கிய பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடை அதை மேல்நோக்கித் தள்ளும் என்ற ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பள்ளியில் படித்திருக்கிறோம். கதவு மூடிய கார், ஏறத்தாழக் காற்றடைத்த பெட்டிதான். அதன் அடிப்பரப்பு நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். பரப்பு 5.4 சதுர மீட்டர். நீர் அடித்தட்டைத் தொட்டபின் ஒவ்வொரு சென்டிமீட்டர் ஏறும்போதும் 54 லிட்டர் நீர் விலக்கப்படுகிறது. அதாவது காரின் எடையில் 54 கிலோகிராம் குறைந்தாற்போல் ஆகிறது. 17 செ.மீ. ஏறினால் 918 கிலோகிராம்! அடித்தட்டே தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருப்பதால், சாலையில் 34 செ.மீ. நீர் நின்றாலே கார் மிதந்துவிடும். ஓர் அடிக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

ஆனால் முழுவதும் ஒரே நேரத்தில் மிதப்பதில்லை. எஞ்சின் முன்னால் இருப்பதால் பாரம் அங்கே அதிகம்; பின்பக்கம் முதலில் எழும்பும். கைப்பிரேக் பிடிப்பது எந்தச் சக்கரங்களை? பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை! தரையைத் தொடாத சக்கரத்தைப் பிடித்து என்ன பயன்? அண்ணன் போட்ட கியர் முன்சக்கரங்களை மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, ஓடும் நீர் பின்பக்கத்தைத் தள்ளிச் சுழற்றிவிட்டது. பிறகு கதவிடுக்குகளின் வழியே நீர் உள்ளே புகுந்து, மிதப்பு போய், கார் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. உச்சத்தில் வெள்ளம் கண்ணாடிச் சன்னலின் அடிவரை ஏறியிருந்ததைச் சுவரில் இருந்த சேற்றுக்கோடு காட்டியது.

படப்பைப் பக்கத்திலிருந்து எங்கள் தாய்மாமன் டிராக்டரோடு வந்து சேர்ந்தார். டிராக்டர் இந்த ஆழத்தில் மிதக்காது. காற்றடைத்த பெட்டி போன்ற உடல் அதற்கில்லை; எஞ்சின் உயரத்தில் இருக்கிறது; காற்றை இழுக்கும் குழாயும் அப்படியே.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துடறேன் மாமா” என்றார்.

“மாப்ளே, சாவியை இங்கே குடு” என்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் மாமா.

மாமா பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் அவர் செய்ததில் நல்ல இயற்பியல் இருந்தது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று உருளை எஞ்சின் அது. ஓர் உருளையில் பிஸ்டன் ஏறியிறங்கும் இடம் 333 கன செ.மீ. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மிஞ்சும் இடம் வெறும் 37 கன செ.மீ.; இரண்டரை மேசைக்கரண்டி அளவு. காற்று இதற்குள் அடங்கும். நீர் அடங்குமா? ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டினால் நீரின் பருமன் ஏறத்தாழ 22,000-இல் ஒரு பங்குதான் குறையும். ஆகவே மூன்று கரண்டி நீர் உள்ளே இருந்தாலும் பிஸ்டன் கருங்கல்லில் மோதியது போலத்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் சுற்றினால் ஒருவேளை ‘டக்’கென்று நின்றுபோகும். நீர் புகாத மற்றோர் உருளையில் பெட்ரோல் பற்றிக்கொண்டாலோ, இணைப்புத்தண்டு வளைந்துவிடும்.

அடுத்து, கயிறு கட்டும் வேலை. கயிறு தளர்ந்திருக்க டிராக்டர் விருட்டென்று கிளம்பினால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தைக் கார் பத்தில் ஒரு விநாடியில் பெற நேரிடும். அதற்கு 9,000 நியூட்டன் விசை வேண்டும். அதே வேகத்தை இரண்டு விநாடியில் பெற்றால் 450 நியூட்டன் போதும். (நீரின் தடை தனிக்கணக்கு.) அறுந்த கயிறு சாட்டையாகத் திரும்பும் என்பதால் மாமா எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கைப்பிரேக்கை இறக்கி, கயிறு விறைக்கும் வரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்.

மேட்டில் ஏறத் தொடங்கியதும் டிராக்டரை நிறுத்தி நான்கு கதவுகளையும் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு சதுர மீட்டர் தரையில் 25 செ.மீ. நீர் நின்றால் அதுவே 500 கிலோகிராம்! அதையும் சேர்த்து இழுப்பானேன்? நீரோடு அண்ணனின் செருப்பும் ஒரு குடையும் வெளியே வந்தன.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினார். மூன்று துளைகளில் இரண்டிலிருந்து பழுப்பு நீர் பீச்சியடித்தது. மாமா அப்போதுதான் சாவியை அண்ணன் கையில் கொடுத்தார்.