பின் ஆக்சிலைத் தின்பது பாரமா, மண்ணா?

விருத்தாசலத்தில் பீங்கான் களிமண் சுமக்கும் வண்டியின் பின் ஆக்சில் சீக்கிரம் தேய்ந்தால், பழி முதலில் பாரத்தின் மேல்தான் விழும். ஆக்சிலின் கியர் பற்களைப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பை ஏற்கக் கூடாது. அதிகப் பாரம் பற்களிலும் பேரிங்கிலும் உலோகத்தைக் குழிகுழியாகப் பெயர்க்கும். பரப்பு முழுவதும் மங்கி, மெல்லிய கீறல்களோடு இருந்தால் ஆயிலுக்குள் துகள் புகுந்திருக்கிறது.

களிமண் மிருதுவானதாயிற்றே என்று கேட்கலாம். பீங்கான் களிமண்ணான கயோலினின் கடினத்தன்மை மோஸ் அளவில் 2 முதல் 2.5 தான், அதோடு கலந்துவரும் குவார்ட்ஸுக்கோ 7, கடினப்படுத்திய எஃகையே கீறும். சீல் நன்றாக இருந்தாலும் துகள் நுழையுமா? நுழையும். ப்ரீதர் என்ற காற்றுத் துளை அடைபட்ட சூடான ஆக்சில் சேற்றுநீரில் இறங்கினால், உள்காற்று குளிர்ந்து சுருங்கி, சீல் ஓரமாக நீரையும் மண்ணையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆயிலை வடித்துப் பாருங்கள்: பாலாக வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ப்ரீதரைச் சுத்தம் செய்யாமல் போடும் புது பேரிங்கும் அப்படியேதான் தேயும்.