கெல்லிவில்லில் ஓர் இலேசான ரைபிள்

டெக்ஸாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன் புதிதாக இலேசான ரைபிள் ஒன்று வாங்கி, வீட்டுக் காவலுக்கும் பண்ணைக்கும் அது ஒன்றே போதுமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறான். "அண்ணா, கெல்லிவில்லில் இதற்கு எதை வாங்குவீங்க?" என்று தொலைபேசியில் கேட்டான். வீட்டுக் காவலுக்கு என்றால் எதையும் வாங்க முடியாது என்றேன். அவன் நம்பவில்லை.

அவனுடைய சோதனையை முதலில் பார்ப்போம். இலேசான ரைபிள் என்றால் இரண்டரை, மூன்று கிலோ. நாள் முழுக்க வேலியோரம் தோளில் மாட்டி நடப்பவனுக்கு அரைக் கிலோ குறைந்தாலும் நிம்மதிதான். ஆனால் அதற்கு விலை உண்டு. குண்டு முன்னே பாயும் உந்தம் துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. அதே தோட்டாவை 3 கிலோவுக்குப் பதில் 2 கிலோ ரைபிளில் சுட்டால் தோளில் இறங்கும் ஆற்றல் ஒன்றரை மடங்கு. எடை குறைப்பதற்காகக் குழலை மெலிதாக்குவார்கள். மெலிந்த குழல் சீக்கிரம் சூடேறும். நாலாவது, ஐந்தாவது குண்டுகள் விலகிப் போகக்கூடும். ஆகவே 100 மீட்டரில் காகிதத்தை மாட்டி ஐந்து குண்டுகளின் பரவலை அளப்பது மட்டும் போதாது. நரி இரண்டாம் குண்டுக்குக் காத்திருக்காது. குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பல நாட்கள் தனித்தனியே பார்க்கவேண்டும்.

பண்ணையில் நல்ல பெயர் வாங்கும் குணமே வீட்டுக்குள் ஆபத்து. .22 ரகக் குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம், ஆற்றல் 180 ஜூல் அளவு. .223 ரகத்தில் மூன்றரை கிராம், 1,700 ஜூல் அளவு. இங்குள்ள புதிய வீடுகளுக்கு வெளியேதான் செங்கல்; உள்சுவர் என்பது மரச்சட்டத்தில் அறைந்த 10 மில்லிமீட்டர் ஜிப்சம் பலகை. சின்ன .22 கூட அதைத் துளைத்துப் போகும். அந்தப் பக்கம் படுத்திருப்பது நம் பிள்ளை.

இனி சட்டம். 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டே நாளில், மே 10 அன்று, ஜான் ஹோவர்ட் அரசும் மாநிலங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. மெடிகேர் வரியை ஓராண்டுக்கு 0.2 சதவிகிதம் கூட்டி, அந்தப் பணத்தில் 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு விலைகொடுத்து வாங்கி அழித்தது. அமெரிக்காவில் 'ராஞ்ச் ரைபிள்' என்று பெயர் சூட்டி விற்ற ரூகர் மினி-14 போன்ற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகங்கள் சாதாரண உரிமத்துக்கு எட்டாமல் போயின.

அதைவிட முக்கியமான மாற்றம், உரிமம் கேட்பவர் 'உண்மையான காரணம்' காட்டவேண்டும் என்பது. பயிர்த்தொழில், குறிபார்க்கும் விளையாட்டு, வேட்டை, பூச்சி-விலங்குக் கட்டுப்பாடு எல்லாம் காரணங்கள். தன்னையோ பிறரையோ காப்பது காரணமல்ல என்று நியூ சவுத் வேல்ஸ் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. முயலும் நரியும் காட்டுப்பன்றியும் தொல்லை தரும் விவசாயிக்கு, கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ரைபிள் கிடைக்கும். அதையும் பயன்படுத்தாத நேரத்தில் பெட்டியில் பூட்டவேண்டும். தோட்டாக்கள் தனியே இன்னொரு பூட்டுக்குள். நள்ளிரவில் திருடன் வந்தால் இரண்டு சாவிகளைத் தேடி முடிப்பதற்குள் அவன் டிவியோடு பாதித் தெரு போயிருப்பான்!

நம்மூர் சட்டம் இப்படியில்லை. 1959ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் 'பாதுகாப்பு' என்பதை ஏற்கிறது. பயிர்க் காவலுக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் தனியே குறிப்பிடுகிறது. ஆனால் தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

வீட்டுத் துப்பாக்கி எப்போதும் வீட்டுக்காரன் கையிலேயே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 1804 மார்ச் 4 இரவு, எங்களுக்குப் பக்கத்து காஸில் ஹில் அரசுப் பண்ணையில் ஐரிஷ் கைதிகள் கிளர்ந்தெழுந்தார்கள். வழியில் குடியேறிகளின் வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கிகளைத் திரட்டினார்கள். மறுநாள் ரவுஸ் ஹில் அருகே படையினரிடம் தோற்றார்கள்.

சட்டம் எல்லாவற்றையும் தடுத்துவிட்டதா என்றால் இல்லை. 2025 டிசம்பர் 14 அன்று போண்டை கடற்கரையில் 15 பேரைக் கொன்ற இருவரில் ஒருவரிடம் உரிமம் இருந்தது. அந்த மாதமே மாநில நாடாளுமன்றம் கூடி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டியது.