கையொப்பமும் முத்திரையும்

தொடக்கக்கால வானோடிகள் கையொப்பமிட்ட அஞ்சல் உறைகளைத் திரட்டுவோர்க்கு அலகாபாத் உறை அரும்பேறாகும். 1911 பிப்ரவரி 18ஆம் நாள் பிரெஞ்சு வானோடி ஆன்றி பெக்கே ஏறத்தாழ 6,500 மடல்களைச் சுமந்து, யமுனையைக் கடந்து, 13 மணித்துளிகளில் நைனியை அடைந்தார். உலகின் முதல் அலுவல்முறை வான் அஞ்சல் இதுவே. மடலுக்கு 6 அணா வீதம் பெற்ற தனிக்கட்டணம் மாணவர் விடுதியொன்றுக்கு வழங்கப்பெற்றது. கல்லூரி மலரில் இதனைக் குறிப்பிடாது விடலாமா?

எனினும், பெக்கேயின் கையொப்பம் கண்டவுடன் மயங்குதல் தகாது. அவர் 1974 வரை வாழ்ந்தவர். பல்லாண்டுகள் கழித்தும் பழைய உறையில் ஒப்பமிட்டிருத்தல் கூடும். உறை வானில் பறந்தமைக்குச் சான்று, வானூர்தி உருவம் பொறித்த செவ்வூதா நிற முத்திரையே. ஆதலின் முத்திரையை முதலில் ஆராய்க; கையொப்பத்தின் விலையைப் பின்னர்ப் பேசுக.