வண்டிக்குள் ஒரு குட்டி விளக்கு

மாலை வேளையில் பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடக்கும்போது, ஓரமாக நிறுத்தியிருக்கும் வண்டிகளின் முன்கண்ணாடிக்குள் சற்று எட்டிப் பாருங்கள். ஒன்றில் முருகன் படம்; அடுத்ததில் அரபு எழுத்து பொறித்த தட்டு; அதற்கடுத்ததில் குவான் இன் சிலை. முன்பு பிட் வீதி எனப்பட்ட இந்தச் சாலையில்தான் 1801இல் தோன்றிய பள்ளிவாசலும் குவான் இன் கோயிலும் இருக்கின்றன. குவீன் வீதி மகாமாரியம்மன் கோயில் கூப்பிடு தூரம். சாலையில் உள்ளதெல்லாம் வண்டிக்குள்ளும் இருக்கிறது என்று சொல்லலாம்.

படம் வைத்தவர் அடுத்து விளக்கு வைக்க விரும்புவார். என் தந்தையும் விரும்பினார். பழைய காரில் முருகன் படத்துக்குப் பின்னால் 5 வாட் குமிழ் விளக்கு ஒன்றைத் தாமே பொருத்தினார். ஈப்போவுக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் மாலை உருகிப் படத்தோடு ஒட்டிக்கொண்டது. வண்டிக்குள் எழுந்த நாற்றம் இன்றும் நினைவிருக்கிறது. தீப்பிடிக்காதது முருகன் அருள் என்றார் அம்மா. அடுத்த முறை அருளை நம்பி இருக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குமிழ் விளக்கு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். 5 வாட் விளக்கு ஏறத்தாழ 0.42 ஆம்பியர் இழுக்கும். அணைக்க மறந்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் பாதி காலி. எல்.இ.டி. விளக்குக்கோ 0.01 ஆம்பியரே போதும். கையால் தொட்டாலும் சுடாது.

ஆனால் எல்.இ.டி.யை நேரே 12 வோல்ட்டில் இணைத்தால் அந்தக் கணமே எரிந்துபோகும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்குத் தேவை சுமார் 3.2 வோல்ட். கார் பேட்டரியோ இயந்திரம் நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14.4 வோல்ட் வரை தரும். கணக்கை எப்போதும் பெரிய எண்ணை வைத்தே போட வேண்டும். மூன்று எல்.இ.டி.களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் 9.6 வோல்ட் செலவாகும். மீதி 4.8 வோல்ட். அதை 0.01 ஆம்பியரால் வகுத்தால் 480 ஓம். கடையில் கிடைப்பது 470 ஓம் மின்தடை. கால் வாட் அளவு தாராளம். நான்காவது எல்.இ.டி.யையும் சேர்க்க ஆசை வரும். அப்போது 12.8 வோல்ட் தேவைப்படும். இயந்திரத்தை நிறுத்தியதும் விளக்கு மங்கி அணைவதுபோல் ஆகிவிடும். மூன்றோடு நிறுத்துங்கள். எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்முனை என்பதையும் மறவாதீர்கள்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது? வண்டியின் கம்பிகளை வெட்டி ஒட்டுவதைவிட, சிகரெட் பற்றவைக்கும் குழியில் செருகும் முனையைப் பயன்படுத்துவதே நல்லது. உள்ளே ஃபியூஸ் உள்ள முனையாகப் பார்த்து வாங்கி, அதில் 1 ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். கம்பி எங்காவது உரசி உலோகத்தில் பட்டால், எரிவது ஃபியூஸ் மட்டும்தான். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அந்தக் குழியில் மின்சாரம் இருக்கும். ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயம் வைத்துப் பற்றிய இடங்களைச் சூட்டில் சுருங்கும் குழாய் உறையால் மூடுங்கள். இங்குள்ள வெயிலில் முன்பலகை 70 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். சாதாரண ஒட்டுநாடா அந்தச் சூட்டில் வழுக்கிவிடும். அதே காரணத்தால், சிறு பேட்டரி பொருத்திய ஆயத்த விளக்குகளையும் அங்கே வைக்காதீர்கள்.

அடுத்தது இடம். பயணி இருக்கைக்கு எதிரே முன்பலகைக்குள் காற்றுப்பை இருந்தால், அதன் மூடிமேல் எதையும் வைக்கக்கூடாது. மோதலில் பை கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும். மேலே இருக்கும் சிலை பயணியின் முகத்தை நோக்கிப் பறக்கும். பைக்கு வழிவிட்டு ஓர் ஓரத்தில் திருகாணியால் பொருத்துவதே முறை.

இரவில் இன்னொரு தொல்லை. பினாங்குப் பாலத்தின் இருண்ட பகுதியில் வரும்போது, வண்டிக்குள் இருக்கும் சிறு வெளிச்சம்கூட முன்கண்ணாடியில் பிரதிபலித்து எதிரே இருப்பதை மறைக்கும். விளக்கின் மேல் கறுப்பு அட்டையால் சிறு கூரை அமைத்து, ஒளி படத்தின்மேல் மட்டும் விழச் செய்யுங்கள். அப்படியும் கூசினால் 470 ஓமுக்குப் பதில் 2200 ஓம் போடுங்கள். படம் தெரியும், சாலையும் தெரியும். நிறத்தில் இளமஞ்சள் சார்ந்த வெள்ளையே நல்லது. நீல நிறத்தில் சிமிட்டும் விளக்கு, காவல் வண்டியோ என்று பிறரை மருளவைக்கும், வேண்டாம்.

இதே சாலையில் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும் திரிஷாக்காரர்களுக்கு இந்தக் கண்ணாடித் தொல்லை இல்லை. பினாங்குத் திரிஷாவில் பயணிகள் முன்னால், ஓட்டுபவர் பின்னால். ஆனால் இயந்திரம் இல்லாததால் விளக்குக்குத் தனி பேட்டரி வேண்டும். ஒவ்வொரு மில்லி ஆம்பியரும் அவர்களுக்குக் கணக்கு. அங்கும் மூன்று எல்.இ.டி., ஒரு மின்தடை என்ற அதே கோர்வைதான். வரிசை வரிசையாகப் பக்கவாட்டில் இணைத்துக்கொண்டு போகலாம், வரிசைக்கு ஒரு தனி மின்தடை இருந்தால்.

என் தந்தையின் இப்போதைய வண்டியிலும் முருகன் இருக்கிறார். மாலை மட்டும் துணியில்.