அடிப்படம் சரியாக இருக்கிறதா?

பெட்டி ஒன்றின் மூடி உடைந்துவிட்டது. அட்டையில் புதிய மூடி வெட்ட வேண்டும். பெட்டியைப் புகைப்படம் எடுத்து, கணிப்பொறித் திரையில் அதன்மேல் கோடு வரைந்து, அச்செடுத்து வெட்டினால் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தாது! ஏன்?

புகைப்படம் எண்ணற்ற வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். வெக்டர் படத்திலோ கோடுகள் கணித வடிவில் சேமிக்கப்படுகின்றன. ஒரு வளைகோட்டுக்கு நான்கு புள்ளிகள் போதும்: இரு முனைகள், வளைவைத் தம் பக்கம் இழுக்கும் இரு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். பிரான்சின் சிட்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ 1959இல் இம்முறையை ஆராய்ந்தார். ரெனோ நிறுவனத்தின் பியர் பெசியே 1960களில் இதைப் பரப்பினார். எவ்வளவு பெரிதாக்கினாலும் இக்கோட்டின் கூர்மை குறையாது. ஆனால் அடியிலுள்ள புகைப்படம் பிழையானால், அப்பிழையும் கூர்மையாகவே பதிவாகும்!

பிழை எப்படி நேர்கிறது? தொலைவு கூடக்கூடப் பொருள் சிறிதாகத் தெரியும் என்பதை அறிவீர்கள். பெட்டியின் உயரம் 10 செ.மீ.; வாயின் நீளம் 20 செ.மீ. எனக் கொள்வோம். அளவு தெரிவதற்காக மேசைமேல் ஓர் அளவுகோலை வைத்து, 50 செ.மீ. உயரத்திலிருந்து படம் எடுக்கிறீர்கள். காமிராவுக்கு அளவுகோல் 50 செ.மீ. தொலைவில், பெட்டியின் வாயோ 40 செ.மீ. தொலைவில். எனவே வாய் 50/40, அதாவது 1.25 மடங்கு பெரிதாகத் தெரியும். உங்கள் மூடி 25 செ.மீ. நீளமாகிவிடும்!

இதைத் தவிர்ப்பது எளிது. பெட்டியைச் சாய்த்து, வாய் காமிராவை நேராகப் பார்க்கும்படி வையுங்கள். அளவுகோலை வாயின் விளிம்போடு ஒட்டியே பொருத்துங்கள். 3 மீட்டர் விலகி நின்று, லென்சின் உருப்பெருக்கத்தைப் பயன்படுத்துங்கள். அளவுகோல் 10 செ.மீ. பின்னால் இருந்தாலும் இப்போது பிழை 310/300. சுமார் 3 விழுக்காடுதான். படத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால் காமிரா சாய்ந்திருக்கிறது என்று பொருள். மீண்டும் எடுங்கள்.

இனி, இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் படத்தைக் கீழ் அடுக்கில் இடுங்கள். படத்திலுள்ள அளவுகோலின் 10 செ.மீ., வரைதாளிலும் சரியாக 100 மி.மீ. வரும்வரை, நீள அகல விகிதம் மாறாமல் அளவைத் திருத்துங்கள். வரையும் கோடு பளிச்செனத் தெரிய, படத்தைப் பாதியளவு மங்கலாக்குங்கள். கை பட்டு நகராதபடி அந்த அடுக்கைப் பூட்டுங்கள். பிறகு மேல் அடுக்கில் வரையுங்கள்.

இறுதியாக ஒரு சோதனை. பெட்டி வாயின் அகலத்தை அளவுகோலால் நேரில் அளந்து, வரைந்த படத்தின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்தால், அளவு மாற்றாமல் 100 விழுக்காட்டில் அச்செடுங்கள். அதன் பிறகே கத்தரிக்கோலை எடுக்கலாம்!