உஷார்! கண்ணின் நடுவில் ஓட்டை, நாள் கடத்தாதீர்கள்

ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். வரி நெளிகிறதா? நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகிறதா? எதிரே இருப்பவரின் காது தெரிந்து, மூக்கு மட்டும் தெரியவில்லையா? "புரையாகத்தான் இருக்கும், முற்றட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். புரை காத்திருக்கும். விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலாவில் விழுந்த ஓட்டை காத்திருக்காது.

60 வயதைத் தாண்டியவர்களுக்கே இது அதிகம், அவர்களிலும் பெண்களுக்கு. கண்ணுக்குள் இருக்கும் கூழ், வயதாக ஆகச் சுருங்கி விழித்திரையை விட்டு விலகும். சிலருக்கு மட்டும் நடுவில் விடாமல் ஒட்டிக்கொண்டு, இழுத்துக் கிழித்துவிடுகிறது. வலியே இருக்காது. மற்றொரு கண் நன்றாக இருப்பதால் மாதக்கணக்கில் தெரியாமலும் போகும்.

அந்த மாதங்கள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. ஓட்டையை மூடும் ஆபரேஷன் எப்படி முடியும் என்பதில் பெரும்பங்கு, தியேட்டருக்குள் நுழையும் முன்பே முடிவாகிவிடுகிறது. விழித்திரையைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் ஓட்டையின் மிகக் குறுகலான இடத்தை அளக்கிறார்கள். 250 மைக்ரானுக்குள் என்றால் சிறியது, 400-ஐத் தாண்டினால் பெரியது. 400 மைக்ரான் என்பது அரை மில்லிமீட்டர்கூட இல்லை! சிறிய ஓட்டைகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் மூடிக்கொள்கின்றன. அகலம் கூடக்கூட வாய்ப்பு குறைகிறது. ஓட்டையின் உயரத்தை அடிப்பகுதி அகலத்தால் வகுத்தும் பார்ப்பார்கள். 0.5-க்குக் குறையாமல் இருந்தால் நல்ல அறிகுறி. ஆறு மாதத்துக்குள் வந்தவர்களுக்குப் பார்வை தேறும் வாய்ப்பும் அதிகம்.

"90 சதவீதம் சக்சஸ்" என்று யாராவது சொன்னால், எதில் சக்சஸ் என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். ஓட்டை மூடுவது ஒன்று, பார்வை திரும்புவது வேறு. இந்த ஆபரேஷனை அமெரிக்காவில் கெல்லி, வெண்டல் என்ற இரு டாக்டர்கள் 52 கண்களில் செய்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். மூடியவை 30. அந்த 30-லும், எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது கூடுதலாகப் படிக்க முடிந்தவை 22தான். இன்று மூடுவது வெகுவாகக் கூடிவிட்டது. ஆனால் ஒளியை உணரும் செல்கள் நெடுநாள் கெட்டுக் கிடந்திருந்தால், மேலே மூடி என்ன பயன்?

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். புரை ஆபரேஷன் ஆகாதவர்களுக்கு, ஓட்டை ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் புரை வந்துவிடும். மறுபடி மங்கினால், ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம், போய்க் காட்டுங்கள்.

ஓட்டை ஆபரேஷனின் முடிவில் கண்ணுக்குள் கேஸ் நிரப்பி, சில நாள் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். கழுத்து கடுக்கும், சகித்துத்தான் ஆக வேண்டும். அந்த கேஸ் கரைய இரண்டு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை விமானம் கூடவே கூடாது, ஊட்டி, கொடைக்கானலும் கூடாது! உயரே போனால் கேஸ் விரிந்து, கண் அழுத்தம் எகிறி, பார்வையே பறிபோகலாம். பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போக நேர்ந்தால், "கண்ணில் கேஸ் இருக்கிறது, நைட்ரஸ் ஆக்ஸைடு கொடுக்காதீர்கள்" என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.