ஐந்தாண்டு வாழ்ந்த அணி

ஓர் ஆட்டக் குழுவின் பெருமையை, அது வென்ற கோப்பைகளைக் கொண்டும் நிலைத்து வாழ்ந்த ஆண்டுகளைக் கொண்டும் அளப்பது உலக வழக்கு. இவ்விரண்டு அளவுகோல்களாலும் அளந்தால் மிகச் சிறியதாகத் தோன்றும் அணி ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே, ஆரெகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரில் இருந்தது. அது 1973-ஆம் ஆண்டில் தோன்றி, 1977-ஆம் ஆண்டோடு மறைந்தது. தான் ஆடிய போட்டித் தொடரின் இறுதிப் பட்டத்தை அது ஒருமுறையேனும் வென்றதில்லை. ஆயினும் அதன் கதையை அமெரிக்கர் இன்றும் விரும்பிப் பேசுகின்றனர். போர்ட்லந்து மேவரிக்ஸ் என்பது அவ்வணியின் பெயர்.

மேவரிக் என்னும் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெக்சாஸ் பகுதியில் சாமுவேல் மேவரிக் என்பார் ஒருவர் வாழ்ந்தார். மாடு வளர்ப்போர் தத்தம் கன்றுகளுக்குச் சூட்டுக்கோலால் குறியிடுதல் அங்குள்ள வழக்கம். அவரோ தம் கன்றுகளைக் குறியிடாமலே விட்டுவிட்டார். அதனால், குறியின்றித் திரியும் கன்று எதனையும் மக்கள் மேவரிக் என அழைக்கலாயினர். நாளடைவில், எக்கூட்டத்தையும் சாராது தன்வழியே செல்லும் மனிதனுக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. போர்ட்லந்து அணிக்கு இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை உணர, அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் நடத்தப்பெறும் முறையைச் சிறிது அறிதல் வேண்டும்.

பேஸ்பால், கிரிக்கெட்டைப் போலவே பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்பெறும் ஆட்டம். அணிக்கு ஒன்பதின்மர் ஆடுவர். ஒருவர் எறியும் பந்தை எதிரணியைச் சேர்ந்த ஒருவர் உருண்டை வடிவான மட்டையால் அடித்து, சதுரமாக அமைந்த நான்கு தளங்களையும் சுற்றி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். இவ்வாட்டத்தில் தலைசிறந்த அணிகள் பெரு நகரங்களில் உள்ளன. அவற்றைப் பேரணிகள் என்னலாம். 1973-ஆம் ஆண்டில் அத்தகைய பேரணிகள் 24 இருந்தன. அவற்றின்கீழ், சிறு நகரங்களில் பல படிநிலைகளாக அமைந்த சிற்றணிகள் பல இருந்தன.

தொடக்கத்தில் இச்சிற்றணிகள் தத்தம் ஊராரின் ஆதரவால் தாமே தனித்து வாழ்ந்தவை. 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் என்னும் பேரணியின் நிருவாகியான பிராஞ்ச் ரிக்கி என்பவர், சிற்றணிகளைப் பேரணியின் உடைமையாக்கி, அவற்றில் இளைஞரைப் பயிற்றும் முறையை வளர்த்தார். மற்றைப் பேரணிகளும் அவ்வழியைப் பின்பற்றின. அதுமுதல் சிற்றணிகள் நாற்றங்கால்கள் போல ஆயின. செழித்து வளரும் நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவதுபோல், திறமை காட்டும் இளைஞனைத் தலைமை அணி எந்நேரத்திலும் அழைத்துக்கொள்ளும். திறமை குன்றியவன் எனக் கருதப்படுவோன் நீக்கப்படுவான். ஆட்டத்தைக் காணவரும் ஊராருக்கோ வெற்றியே வேண்டும். அதனை நடத்தும் தலைமை அணிக்கு வெற்றியைவிட வீரனின் வளர்ச்சியே பெரிது.

1949-ஆம் ஆண்டில் 59 சிற்றணித் தொடர்கள் நடைபெற்றன. தொலைக்காட்சி பரவியபின் மக்கள் வீட்டிலிருந்தே பேரணிகளின் ஆட்டத்தைக் காணலாயினர். சிற்றூர் ஆடுகளங்கள் வெறிச்சோடின. போர்ட்லந்து நகரிலும் அந்நிலையே நேர்ந்தது. அங்கு நெடுங்காலம் ஆடிவந்த பீவர்ஸ் என்னும் அணி, காண்போர் குறைந்தமையால் 1972-ஆம் ஆண்டின் முடிவில் நகரைவிட்டு நீங்கியது.

அந்நிலையில் பிங் ரஸ்ஸல் என்னும் நடிகர் அங்கு வந்து சேர்ந்தார். இவர் 'பொனான்சா' என்னும் தொலைக்காட்சித் தொடரில் காவல் துணை அலுவலராக நடித்தவர். புளோரிடா மாநிலத்தில், நியூயார்க் யாங்கீஸ் அணியினர் ஆண்டுதோறும் பயிற்சிக்கு வரும் ஊரில் வளர்ந்தவர். இளமையில் தாமும் சிற்றணிகளில் ஆடியவர். பேரணி எதனையும் சாராத அணி ஒன்றைப் போர்ட்லந்தில் அமைப்பதென இவர் துணிந்தார். நார்த்வெஸ்ட் தொடர் என்னும் கீழ்ப்படியில் அவ்வணி இடம்பெற்றது. ஆனிமாத அளவில் தொடங்கி ஆவணியோடு முடியும் குறுகிய தொடர் அது.

வீரர்களை அனுப்பத் தலைமை அணி இல்லாமையால், எவரும் வந்து தம் திறமையைக் காட்டலாம் என ரஸ்ஸல் அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து குவிந்தனர். அவருள் பலர் பேரணிகளால் நீக்கப்பட்டவர். சிலர் ஒருபோதும் தேர்ந்தெடுக்கப்படாதவர். வயது கடந்ததெனத் தள்ளப்பட்டோரும் இருந்தனர். எதிரணிகளில் ஆடியோர் பெரும்பாலும் கல்லூரிப் பருவத்து இளைஞர். எதிர்காலச் செல்வமெனப் பேரணிகள் பேணி வளர்த்தவர். மேவரிக்ஸ் வீரருக்கோ அத்தகைய எதிர்காலம் இல்லை. அவர்கள் பெற்ற ஊதியமும் சிறிதே. ஆட்டத்தின்மேல் கொண்ட காதலே அவர்களை அங்கு நிறுத்தியது.

அவர்களுள் ஒருவர் ஜிம் பௌட்டன். இவர் 1963-ஆம் ஆண்டில் யாங்கீஸ் அணிக்காகப் பந்தெறிந்து 21 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தவர். பின்னர்க் கையில் வலி கண்டு வேகம் குன்றினார். 1970-ஆம் ஆண்டில் வீரர்களின் அன்றாட வாழ்வை ஒளியாது உரைக்கும் 'பால் ஃபோர்' என்னும் நூலை வெளியிட்டார். அது ஆட்ட உலகத் தலைவர்களின் சினத்துக்கு ஆளாயிற்று. அவ்வாண்டே அவர் ஆட்டத்தைவிட்டு விலகினார். ஐந்தாண்டு கழிந்து, 1975-இல், போர்ட்லந்துக்கு வந்து மீண்டும் பந்தைக் கையில் எடுத்தார். 1977-இலும் அங்கு ஆடினார். பந்தை விரல் நுனியால் பற்றிச் சுழற்சியின்றி விடும் எறிமுறை அவருக்குக் கைவந்தது. அவ்வாறு விட்ட பந்து காற்றில் அலைந்து செல்லுமாதலின், அது செல்லும் திசையை அடிப்பவன் அறிதல் அரிது. வேகம் இழந்த கைக்கு அம்முறை துணையாயிற்று. 1978-ஆம் ஆண்டில், தம் 39-ஆம் வயதில், அட்லாண்டா பிரேவ்ஸ் என்னும் பேரணியில் இடம்பெற்று ஓர் ஆட்டத்தில் வெற்றியும் கண்டார்.

ரஸ்ஸலின் மைந்தர் கர்ட் ரஸ்ஸல், தோளில் காயமுற்றபின் 1973-இல் இவ்வணியில் சில ஆட்டங்கள் ஆடி, பிற்காலத்தில் புகழ்பெற்ற திரைப்பட நடிகரானார். 1974-இல் லேனி மாஸ் என்னும் இளம்பெண் அணியின் பொது மேலாளராக அமர்த்தப்பட்டார். பெண்டிர் அப்பதவியை ஏற்றல் அந்நாளில் மிக அரிது. ராப் நெல்சன் என்னும் பந்தெறிவாளர், வீரர்கள் புகையிலை மெல்லும் தீய வழக்கத்துக்கு மாற்றாக, நூல்நூலாக நறுக்கிய இனிப்புப் பசையைப் பையில் இட்டுத் தரலாம் என எண்ணினார். பௌட்டனும் அவரும் முயன்று உருவாக்கிய அப்பண்டம் 1980-இல் கடைகளுக்கு வந்து பெரிதும் விற்பனையாயிற்று. எதிரணியை ஆட்டந்தோறும் வென்று முழுவதும் துடைத்துவிடும் நிலை வந்தால், மேவரிக்ஸ் வீரர் ஒருவர் துடைப்பத்தை உயர்த்திக் காட்டுவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

ஆட்டம் வேடிக்கை நிறைந்ததாயினும் திறமையற்றதன்று. 1977-ஆம் ஆண்டில் மேவரிக்ஸ் ஆடிய 66 ஆட்டங்களில் 44-இல் வென்றது. தொடரில் வேறெவ்வணியும் அத்துணை வெற்றி பெறவில்லை. அவ்வாண்டு 1,25,000 பேருக்கு மேற்பட்டோர் உள்ளூர் ஆட்டங்களுக்கு வந்தனர். அத்தகைய குறுந்தொடரில் அது பெருஞ்சாதனை. ஐந்தாண்டுகளுக்கு முன் பேஸ்பாலுக்கு ஆளில்லை எனப்பட்ட நகரம் அதுவே. எனினும் இறுதிப் போட்டியில், சியாட்டில் பேரணியின் நாற்றங்காலாகிய பெல்லிங்காம் அணியிடம் மேவரிக்ஸ் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றது.

தோல்வி அவ்வணியைக் கொல்லவில்லை. வெற்றியே கொன்றது எனல் தகும். நகரில் ஆதரவு பெருகியதைக் கண்ட பசிபிக் கோஸ்ட் தொடரினர் 1978-இல் தாம் மீண்டும் அங்கு வர விரும்பினர். மேற்படியிலுள்ள தொடர், கீழ்ப்படி அணியின் ஊரை உரிய ஈடு தந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்நாளைய விதி. அவர்கள் 26,000 டாலர் தர முன்வந்தனர். ரஸ்ஸல் 2,06,000 டாலர் கேட்டார். வழக்கு நடுவர்முன் சென்றது. ரஸ்ஸல் கேட்ட தொகை முழுவதையும் தருமாறு நடுவர் தீர்ப்பளித்தனர். தள்ளப்பட்டோரைக் கொண்டு அமைத்த அணியின் மதிப்பு அன்று எழுத்தில் பதிந்தது. ஆனால் அப்பணம் அணியை மீட்டுத் தரவில்லை.

புதிதாக வந்த பீவர்ஸ் அணியும் 1993-ஆம் ஆண்டோடு அந்நகரைவிட்டுச் சென்றது. அதே 1993-இல், பேரணிகளைச் சாராத தனியணிகள் ஆடும் நார்தர்ன் தொடர் அமெரிக்காவின் வடபகுதியில் தொடங்கிற்று. தனியணி வாழாது என்னும் எண்ணம் தளர்ந்தது. பிங் ரஸ்ஸல் 2003-இல் மறைந்தார். அவருடைய பேரர் இருவர் இவ்வணியின் வரலாற்றை ஆவணப் படமாக்கி 2014-இல் வெளியிட்டனர்.

ஒருவனிடம் உள்ள ஆற்றலைத் தேர்வாளர் கண்டறிதல் உண்டு. காணாது விடுதலும் உண்டு. காணாது விடப்பட்டவன் மறுமுறை முயல்வதற்கு ஓர் இடம் வேண்டும். ஐந்து கோடைகள் போர்ட்லந்து ஆடுகளம் அவ்விடமாக இருந்தது. வேறெங்கும் இடம்பெறாத வீரர்கள் அங்குக் களத்தில் இறங்கினர். நகரத்தார் வாயிற்சீட்டு வாங்கிச் சென்று அவர்களைப் பார்த்தனர்.